பண்டிகை முடியும்வரை

அக்டோபர் 7, வெள்ளி

காலை பிரஷர் 150/80. சர்க்கரை 132. மாத்திரை ஏழரைக்கு.

இந்த நோட்டு சிப்போரா அம்மாவின் பிரஷர் எழுத அவர் மகள் இலானா வாங்கித் தந்தது. வலது பக்கம் அம்மாவுக்கு. இடது பக்கத்தை நானாக எனக்கு எடுத்துக்கொண்டேன். ஆறு வருஷமாகத் தமிழ் எழுதாமல் கை மறந்துபோகும்போல இருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் கூடாரப் பண்டிகை தொடங்குகிறது. வீட்டுக்கு வெளியே பந்தல் போட்டு, மேலே ஓலை பரப்பி, ஏழு நாள் அதற்குள்தான் சாப்பாடு. ஹீப்ரூவில் அதைச் சுக்கா என்கிறார்கள். முதல் வருஷம் இலானா “நாளைக்குச் சுக்கா” என்றதும் நான் ஆட்டுக்கறி எவ்வளவு என்று கேட்டேன். இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பந்தல் போட வருஷாவருஷம் பின்யாமின் வருவார். அம்மாவின் ஒரே மகன். ஹைஃபாவில் இருக்கிறார். இன்று மதியம் ஃபோனில் அம்மாவோடு பேசினார். “ஞாயிறு காலையில வந்திடுவானாம். மீன் குழம்பு வெக்கணும் மோளே” என்றார் அம்மா. அவர் பேசுவது கொச்சி மலையாளம். பதினாலு வயதில் பெற்றோரோடு இங்கே இஸ்ரேலுக்கு வந்தவர். இந்தக் கிராமத்தில் பாதி வீடு கொச்சி யூதர்கள்தான். நான் எர்ணாகுளம் ஆஸ்பத்திரியில் எட்டு வருஷம் ஆயாவாக இருந்து மலையாளம் பழகியதால் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் இந்த வேலை எனக்குக் கிடைத்தது. எழுதும்போது அவர் பேச்சு எப்படியோ தமிழாகிவிடுகிறது.

ஊரில் இருக்கிற என் வீட்டுக்காரர் ஆசீரிடம் பேசினேன். கால் புண் ஆறவில்லையாம். சர்க்கரையை வைத்துக்கொண்டு டீக்கடையில் அதிரசம் தின்றால் எப்படி ஆறும்.

அக்டோபர் 8, சனி

பிரஷர் எடுக்கவில்லை. பிறகு எடுத்தேன். எழுத மறந்துவிட்டேன்.

ஓய்வுநாளில் இந்த வீட்டில் யாரும் ஃபோனைத் தொட மாட்டார்கள். என்னுடையது மட்டும் விழித்திருக்கும். மூன்று மணிக்கு அது அடித்தது. பின்யாமினின் மனைவி ஓரித். கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது பின்யாமின் விழுந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தாறு வயது. “இலானா ஃபோனை எடுக்கமாட்டாள். நீ போய்ச் சொல்லு. அம்மாவுக்கு வேண்டாம்” என்றாள்.

நான் அடுப்படியில் குரலைத் தாழ்த்தித்தான் பேசினேன். அம்மா உள்ளேயிருந்து யார் என்று கேட்டார். எங்கள் வீட்டிலிருந்து என்றேன்.

அம்மா கண்ணயர்ந்ததும் இரண்டு தெரு தள்ளி இலானா வீட்டுக்கு ஓடினேன். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து மகள்களோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். இறந்துவிட்டார் என்பதற்கு ஹீப்ரூ வார்த்தை எனக்குத் தெரியும். எத்தனையோ முறை காதில் விழுந்ததுதான். வாயில் வரவில்லை.

“பின்யாமின் இல்லை” என்றேன்.

“எங்கே இல்லை?”

“எங்கேயும் இல்லை.”

இலானா கையிலிருந்த சீட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அக்டோபர் 9, ஞாயிறு

காலை 155/85.

அம்மாவுக்கு இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். அதிர்ச்சி ஆகாது என்கிறார் டாக்டர். பண்டிகை நாளில் துக்கச் சேதி சொல்ல வேண்டியதில்லை என்கிறார் ரபி, இவர்களுடைய போதகர். ஆகவே அடுத்த திங்கள் சாயங்காலம் பண்டிகை முடிந்த பிறகு சொல்வதென்று இலானா முடிவு செய்துவிட்டாள். எட்டு நாள். அதுவரை பின்யாமினுக்குக் கொரோனா, தனி அறையில் இருக்கிறார், தொண்டை கட்டியிருக்கிறது, பேச முடியாது. இதை அம்மாவிடம் சொல்வது யார் என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, “அப்ப மீன் வேண்டா” என்றார்.

இலானா அடக்கத்துக்குப் போனாள். அவள் கணவன் அவி போகவில்லை. பந்தல் எழாவிட்டால் அம்மாவுக்குச் சந்தேகம் வருமே. ஜன்னலுக்கு எதிரே ஏணியில் நின்று ஓலை பரப்பினான். முகத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பவில்லை.

நாலரைக்கு இலானா திரும்பி வந்தாள். நான் அவள் வீட்டுக்கு முட்டை அவித்து எடுத்துப் போனேன். தரையில் உட்கார்ந்திருந்தாள். இவர்கள் வழக்கப்படி ஏழு நாள் அப்படி உட்கார வேண்டும், ஊரே வந்து பார்க்கும். ஆனால் பண்டிகைக்கு முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலே போதுமாம். பண்டிகை வந்து மிச்ச நாளையெல்லாம் தள்ளிவிடுமாம். துக்கத்தைவிடச் சந்தோஷம் பெரிய கட்டளையாம். அவி சொன்னான். எனக்குப் புரிந்தது சரிதானா என்று இரண்டு முறை கேட்டேன்.

ஐந்தே முக்காலுக்கு இலானா எழுந்தாள். குளித்தாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து அம்மாவை முத்தமிட்டு மெழுகுவத்தி ஏற்றினாள்.

அக்டோபர் 10, திங்கள்

முதல் நாள். பந்தலுக்குள் எல்லாரும் பாடினார்கள். அம்மாவும் பாடினார்.

ஆசீரைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருப்பதாக என் மகள் ஜெனிலா மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். டிரெஸ்ஸிங்குக்குத்தானாம்.

அக்டோபர் 11, செவ்வாய்

பிரஷர் 160/85.

இலானா வீட்டிலிருந்து துவைக்க வந்த துணியில் அவளுடைய கறுப்புச் சட்டை கிடந்தது. கழுத்துப் பட்டியிலிருந்து நெஞ்சுவரை கிழிந்திருந்தது. ஊசிநூல் எடுத்து உட்கார்ந்தேன். இலானா பார்த்துவிட்டுப் பிடுங்கிக்கொண்டாள். அடக்கத்தில் அவளே கிழித்துக்கொண்டதாம். அதைத் தைக்கக் கூடாதாம். அம்மா கண்ணில் படாமல் வைக்கச் சொல்லி என்னிடமே தந்தாள். என் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

அம்மாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது ஆசீர் கூப்பிட்டார்.

“பியூலா, அந்தக் காப்பீட்டு அட்டையை எங்க வச்ச?”

“பீரோ மேல் தட்டுல மஞ்சப் பையில இருக்கு. ஆறு வருஷமா அங்கதான் இருக்கு. வீட்டுல இருக்கிறவரு நீங்க, என்கிட்ட கேக்கியளே.”

“சரி சரி. நீ சாப்பிட்டியா?”

“கை ஈரமா இருக்கு, பொறவு பேசுதேன்” என்று வைத்துவிட்டேன்.

டிரெஸ்ஸிங்குக்கு எதற்கு அட்டை என்று கேட்கவில்லை.

அக்டோபர் 12, புதன்

160/90. வீட்டுக்கு ஏழு தடவை கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊர் நாசரேத்தில் மழையாம். டவர் இருக்காது.

அக்டோபர் 13, வியாழன்

155/85. அம்மா நன்றாகச் சாப்பிட்டார்.

இன்று பந்தல் கொள்ளாத கூட்டம். கொச்சிப் பெண்கள் பத்துப் பேர் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். எல்லாருக்கும் விஷயம் தெரியும். வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் உள்ளே வந்தார்கள். வந்ததும் கையைத் தட்டிப் பழைய மலையாளப் பாட்டாகப் பாடினார்கள். ஒருத்தி பாட்டுக்கு நடுவில் நிறுத்திவிட்டாள். அம்மாதான் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்.

பிறகு என்னைப் பாடச் சொன்னார்கள். முடியாது என்றேன். “பாடு மோளே, பண்டிகையாக்கும்” என்றார் அம்மா. சர்ச்சில் பாடுகிற கீர்த்தனை ஒன்றைப் பாடினேன். தாளம் பிடித்துப்போய் இலானாவின் மகள்கள் என் இரண்டு கையையும் பிடித்துச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். மூச்சு வாங்கி உட்கார்ந்து மணி பார்த்தேன். ஒன்றரை. இந்த வாரத்தில் அப்போதுதான் முதல்தடவை சிரித்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

சாயங்காலம் ஜெனிலா கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

“என்னட்டி, ஜலதோஷமா?”

“ஆமாம்மா.”

“அப்பா எங்க?”

“தூங்குதாவ.”

பின்னால் ஒரே பேச்சுக்குரல். பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்குகிற சத்தம். என்ன கூட்டம் என்று கேட்டேன். பக்கத்து வீட்டில் விசேஷமாம். கொழுந்தனார் சாலமோனின் குரல் கேட்டது. அவர் மும்பையிலிருந்து எப்போது வந்தார் என்றேன். லீவில் வந்திருக்கிறாராம். நல்லது. மூன்று வருஷமாக அண்ணனைப் பார்க்கவில்லை.

அக்டோபர் 14, வெள்ளி

170/95. டாக்டருக்குச் சொன்னோம். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

“அவன் குரலை மட்டும் கேக்கணும்” என்று அம்மா காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார். ஐந்து நாளாக நான் சொன்ன பொய்கள் தீர்ந்துவிட்டன. காய்ச்சல் என்றேன், தூக்கம் என்றேன், சார்ஜ் இல்லை என்றேன். இலானா தன் ஃபோனில் தேடிப் பழைய வாய்ஸ் மெசேஜ் ஒன்றை எடுத்தாள். “அம்மா, நல்லா இருக்கேன், கவலைப்படாதீங்க, சீக்கிரம் வரேன்” என்கிறார் பின்யாமின். பின்னால் நாய் குரைக்கிறது.

இப்போது அனுப்பியது என்று சொல்லி இலானா அம்மா காதில் வைத்தாள். அம்மா கேட்டார். இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு இன்னொரு தடவை. மூன்று தடவை. கண்ணை மூடியிருந்தார்.

இலானா பின்கட்டுக்குப் போய்த் துணி காயப்போடுகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போனேன்.

“நான் செய்தது பாவம்தானே பியூலா?”

எனக்குத் தெரியாது என்றேன். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்று சின்ன வயதில் மனப்பாடம் செய்தவள் நான். இங்கே இவர்களிடமிருந்து வந்த கட்டளைதான் அது.

“என் தம்பிக்காக ஒரு மணி நேரம்தான் அழுதேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அழுதேன்” என்றாள்.

அக்டோபர் 15, சனி

ஆசீருடைய வாட்ஸ்அப் செவ்வாய்க்கிழமையோடு நிற்கிறது. ஃபோன் ரிப்பேர் என்று ஜெனிலா சொன்னாள்.

அம்மாவுக்கு மாத்திரை கொடுத்தேன். கொடுத்ததையே மறுபடி எடுத்து நீட்டியிருக்கிறேன், அவர்தான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அக்டோபர் 16, ஞாயிறு

165/90.

காலையில் ஜெனிலாவிடம், அப்பாவிடம் கொடு, ஒரு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிடுகிறேன் என்றேன்.

“அப்பாவுக்குத் தொண்டை கட்டியிருக்கும்மா. பேச முடியல.”

“சரி” என்றேன்.

உலகத்தில் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தொண்டை கட்டுகிறது.

அடுப்படியில் நாலு கிலோ வெங்காயம் உரித்தேன். நாளைக்கு ஜெப ஆலயத்தில் வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு ஆடுகிற நாள். பண்டிகையின் கடைசி நாள், கொச்சிக்காரர்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய நாள். நாலு கிலோ தேவையில்லை, இரண்டு போதும் என்று இலானா சொன்னாள். கையில் வேலை இருக்கட்டும் என்றேன்.

சாலமோனுக்கு ஃபோன் செய்யலாம். வசந்தாவுக்குச் செய்யலாம், ஆசீரின் தங்கச்சி அல்லவா, பொய் சொல்ல வராது. பாஸ்டருக்குச் செய்யலாம். நம்பர் எல்லாம் இருக்கிறது. இன்று நேரமில்லை.

அக்டோபர் 17, திங்கள்

காலை 150/80. மருந்து எட்டு மணிக்கு.

அம்மாவைச் சக்கர நாற்காலியில் ஜெப ஆலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போனேன். பச்சைப் பட்டுச் சேலை கேட்டார். வருஷத்தில் ஒரு நாள்தான் கட்டுவார். உள்ளே கண்ணாடி விளக்குகளும் சரிகைத் துணியுமாக, எங்கள் ஊர்ச் சர்ச்சில் பிரதிஷ்டைப் பண்டிகை போலவே இருந்தது. ஆண்கள் வேதச் சுருளைக் குழந்தையைப்போலத் தோளில் சாய்த்துக்கொண்டு சுற்றி வந்தார்கள். அவியும் ஒன்றைத் தூக்கி ஆடினான். கண்ணீர் தாடியில் ஓடியது. துடைக்கக் கை ஒழியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா மிட்டாய் அள்ளி வீசினார். எல்லாரையும்விட உரக்கப் பாடினார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. இன்னும் ஆறு மணி நேரம், இன்னும் ஐந்து மணி நேரம் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் இலானாவும் அவியும் வந்தார்கள். டாக்டரும் தெருமுனையில் காரில் காத்திருந்தார். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்தால் பண்டிகை முடிந்தது. அவி ஜன்னலில் நின்று பார்த்து, ஆயிற்று என்று தலையாட்டினான். இலானா அம்மாவின் கால்மாட்டில் மண்டியிட்டாள்.

“அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“அந்தச் சின்ன ஸ்டூலை இங்க கொண்டுவா, தாழ உக்காரணும்” என்றார் அம்மா. “என் சட்டையிலயும் நீயே கிழி. எனக்குக் கையில பெலனில்ல.”

அவி ஜன்னலை விட்டுத் திரும்பி வந்தான்.

“எப்ப தெரியும்?” என்றாள் இலானா.

“எட்டு நாளா இந்த வீட்டுல யாரும் யாரோடயும் சண்டை போடலியே. அவி ஏணியில நிக்கிறப்ப முகத்தைத் திருப்பவே இல்ல. இவ,” என்னைக் காட்டினார், “மீன் வேண்டான்னு நான் சொன்னதும் அப்பாடான்னு மூச்சு விட்டா.”

“அப்புறம் ஏன்… அந்த மெசேஜைக் கேட்டீங்களே.”

“அதுல குரைக்கிற நாய் செத்து ஒரு வருஷமாச்சு. அவன் குரலாக்கும். போட்டா கேக்க மாட்டேனா.”

இலானா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே பேசினார். “எனக்குத் தெரியும்னு சொல்லியிருந்தா நீங்க எல்லாரும் அழுதிருப்பீங்க. பண்டிகையில அழக்கூடாது. பிள்ளைங்க பந்தல்ல சந்தோஷமா இருக்கட்டும்னு இருந்தேன். பாடினேன். பாடறப்ப எல்லாம் நெஞ்சு வெடிச்சுச் செத்துடுவேன்னு நினைச்சேன். சாகல.”

மருந்து கொடுக்க வந்த டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

அம்மா சேதி கேட்டது இன்று என்பதால் அவருக்கு ஏழு நாளும் உண்டாம். இலானாவுடையது ஒரு மணி நேரத்தோடு முடிந்துபோனது. “சட்டம் கிடக்கட்டும். நீயும் என்கூட இரி” என்றார் அம்மா. இலானா தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எட்டு நாளும் அவள் எங்கே அடக்கி வைத்திருந்தாளோ தெரியவில்லை.

நான் காப்பி போட்டேன்.

அக்டோபர் 18, செவ்வாய்

பிரஷர் எடுக்கவில்லை.

காலையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அம்மா தரையில் மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தார். கிழிந்த சட்டையோடு இலானா பக்கத்தில். நான் ட்ரேயோடு போவதும் வருவதுமாக இருந்தேன். பதினொன்றரைக்கு ட்ரேயை அடுப்படி மேடையில் வைத்துவிட்டு ஜெனிலாவைக் கூப்பிட்டேன்.

“ஏட்டி, அப்பா எப்ப போனாவ?”

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது.

“ஜெனி. அழாம சொல்லு.”

“புதன்கிழமைம்மா. விடியக்காலம். காலை வெட்டி எடுக்கணும்னாங்க. ஆபரேஷனுக்கு முந்தியே…”

“அடக்கம்?”

“வியாழக்கிழமை நாலு மணிக்கு. சித்தப்பா வர்றதுக்காக வச்சிருந்தோம். நீ அங்க தனியா இருக்கியேம்மா. ஃபோன்ல எப்படிச் சொல்லுவேன். யாராவது ஒருத்தரு உன் பக்கத்துல இருக்கணும்னு அத்தை சொன்னாவ. யாரைப் பிடிக்கன்னு எங்களுக்குத் தெரியல.”

என்ன சட்டை போட்டீர்கள் என்று கேட்டேன். நான் இங்கிருந்து அனுப்பிய நீலச் சட்டை. யார் யார் தூக்கினார்கள் என்று கேட்டேன். மழை விட்டிருந்ததா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் என் பிள்ளை பதில் சொன்னாள். இருபது வயது. ஆறு நாள் இதைத் தன் வாய்க்குள் வைத்திருந்திருக்கிறாள். வைக்கும்போது, “எனக்குத் தெரியும் மக்கா. உன்மேல தப்பில்ல” என்றேன்.

அங்கே நாலு மணி என்றால் இங்கே ஒன்றரை. அவரைக் குழியில் இறக்கிய நேரத்தில் நான் கையைக் கோத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் ஆசீர் இறந்துவிட்டார். அக்டோபர் 12, புதன்கிழமை. இதை இந்த நோட்டில் நான் ஒரு வாரமாக எழுதவில்லை.

கூடத்துக்குப் போனேன். ட்ரேயை எடுக்காமல் வந்திருக்கிறேன் என்பது அம்மா பார்த்ததும்தான் எனக்குத் தெரிந்தது. “எங்க வீட்டுக்காரர் போயிட்டாரு” என்றேன். மலையாளம் தெரிந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அம்மா எழ முடியாதவர், மெத்தையில் ஒரு ஆள் இடம் விட்டு நகர்ந்தார். இலானா என்னைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, காப்பி ஊற்ற அவியை அனுப்பினாள்.

போகிறாயா என்று இலானா கேட்டாள். போனால் விசா முடிந்துவிடும், திரும்பி வர முடியாது என்பது அவளுக்கும் தெரியும். போகிறேன் என்றேன். அடக்கம் முடிந்துவிட்டது, இனி யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. ஜெனிலாவுக்காக. அம்மாவின் ஏழு நாள் முடிகிற அடுத்த திங்களுக்கு டிக்கெட் போடச் சொன்னேன். அதுவரை இவரோடு உட்காருவேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “போ. நானே இருன்னு கெஞ்சினாலும் நிக்காதே” என்றார். அவர் பிடியை விடவில்லை.

இந்த ஏழு நாளில் வருகிறவர்கள் தாங்களாகப் பேச்சை ஆரம்பிக்கக் கூடாதாம், போனவரைப் பற்றி இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டுமாம். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “சொல்லு மோளே, எப்படிப்பட்ட ஆளு” என்றார் அம்மா.

மினி பஸ் ஓட்டினார் என்றேன். நாசரேத்திலிருந்து திருச்செந்தூர் ரூட். இருபது வருஷம். பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல், கல்யாணக் கதையைச் சொன்னேன். அன்றைக்குப் பஸ் ஓட்ட வேண்டிய டிரைவர் வரவில்லை. மாப்பிள்ளையே கோட்டும் மாலையுமாக ஸ்டீரிங்கைப் பிடித்து மொத்தச் சொந்தக்காரர்களையும் சர்ச்சுக்கு ஏற்றி வந்தார். வழியில் ஸ்டாப்பில் நின்ற இரண்டு பேர் வெள்ளரிக்காய்ச் சாக்கோடு கை காட்டியிருக்கிறார்கள். பழக்க தோஷம், நிறுத்தி ஏற்றிவிட்டார். அவர்களும் கடைசிவரை இறங்கவில்லை. எங்கள் கல்யாண ஃபோட்டோவில் மூன்றாவது வரிசையில் இன்னும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

மலையாளம் தெரிந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். இலானா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை ஹீப்ரூவில் சொன்னாள். மற்றவர்களும் சிரித்தார்கள். அந்த இரண்டாவது சிரிப்பில் நானும் சேர்ந்துவிட்டேன். சிரித்துக்கொண்டேயிருந்தேன், நிறுத்த முடியவில்லை, அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டபோதுதான் அது சிரிப்பில்லை என்று எனக்கே தெரிந்தது.